தாளையடித் தண்ணீரும் நம் கிணறுகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவிகளுடன் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடி கடல்நீர் நன்னீராக்கல் நிலையத்துக்குச் சென்று வந்தோம். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட இந்நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரைத் தரவல்லது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரை வடிகட்டி, பேரமுக்கத்தில் மென்சவ்வுகளினூடாகத் தள்ளுகிறார்கள். நீர் கடந்துவிடும், உப்பு தங்கிவிடும். வகுப்பில் படித்த பிரசாரணம் இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. இதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். அதனால் இது மலிவான தண்ணீரல்ல.

"வீட்டுக்கு வீடு கிணறு இருக்க, கடலிடம் ஏன் போனோம்?" என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. வற்றாத ஆறு ஒன்றும் நமக்கில்லை. மாரி மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே கல்வெடிப்புகளினூடாக இறங்கி நைத்திரேற்றாகக் கலக்கின்றன. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டமோ, தம் வயல்கள் வாடுமென்ற கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சத்தால் தடைப்பட்டது. அதன் பின்னரே கடலை நாடினோம்.

வைத்தியர் என்ற முறையில் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிஞ்சினால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம். உதடு நீலம் பாரிக்கும். "கொதிக்க வைத்துத்தானே மாவைக் கரைக்கிறோம்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். நிறமும் மணமும் இல்லாததால் பரிசோதித்தால்தான் தெரியவரும்.

குழாய்நீர் வந்துவிட்டதென்று கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கிவிடாதீர்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தாளையடி தண்ணீர் தராது. ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறையாவது பரிசோதிப்பியுங்கள். கூரையில் விழும் மாரி மழையை ஒழுங்கைக்கு ஓடவிடாமல் வளவுக்குள் இறக்குங்கள். இவ்விரண்டையும் நம் பாடசாலைக் கிணற்றிலிருந்தே தொடங்குவோம். அதற்கு நான் முன்னிற்கிறேன்.