ஒரே தேர்வு, எல்லா மருந்துக்கும்



மருத்துவர்களும் சித்த மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களுமாக, வெவ்வேறு மருத்துவ முறைகளைப் படித்தவர்கள் இன்று ஒரே மேடையில் பட்டம் வாங்குகிறீர்கள். நாளை உங்கள் வாசலில் தொங்கும் பலகைகள் வேறு வேறாக இருக்கும். உங்களிடம் வரும் நோயாளி மட்டும் ஒருவராகவே இருப்பார். ஐம்பது வயது, பத்தாண்டுச் சர்க்கரை, போன மாதம் ஒரு வைரஸ் காய்ச்சல், காய்ச்சல் விட்டும் விடாத அசதி. அவர் பையில் மெட்ஃபார்மின் அட்டை இருக்கும். நிலவேம்புக் குடிநீர்ப் பொடியும் இருக்கும். ஒரு மருத்துவர் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்லத் தயங்குவார். இவர் எங்கோ ஒருவரல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. டெங்குவும் ஃப்ளூவும் ஆண்டுதோறும் வந்துபோகும் ஊர்களில்தான் இவர்களும் வாழ்கிறார்கள். இயற்கை மருந்தா, ரசாயன மருந்தா என்று இவர்கள் உங்களைக் கேட்கத்தான் போகிறார்கள். ஒரு மருந்து எங்கே பிறந்தது என்று பார்க்காமல், ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையில் தேறியதா, யாருக்கு, எந்த அளவில், நோயின் எந்தக் கட்டத்தில் தேறியது என்று கேளுங்கள் என்பதே என் வாதம். இலைக்கும் மாத்திரைக்கும் தேர்வு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. வைரஸ் காய்ச்சலும் சர்க்கரையும் நம்மை எதிரெதிர்த் திசைகளில் ஏமாற்றும் நோய்கள். வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் தானே தணியும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரத்தை ஒட்டித் தட்டணுக்கள் இறங்கி, பெரும்பாலோருக்குச் சில நாளில் தாமாகவே ஏறிவிடும். எண்ணிக்கை இறங்கும் நாளில்தான் வீட்டார் பதறுவார்கள், அன்றுதான் பப்பாளி இலை அரைபடும். இரண்டொரு நாளில் எண்ணிக்கை ஏறியதும் பெயர் சாற்றுக்குப் போகும். அன்று வேறெதைக் கொடுத்திருந்தாலும் அதற்கும் அதே பெயர்தான். இதனால் சாறு பயனற்றது என்று ஆகிவிடாது, பயனுள்ளது என்றும் ஆகிவிடாது. சர்க்கரை இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் தானாகத் தணியாது. தொடக்கத்தில் வலிக்கவும் வலிக்காது. பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு 1998-ல் வெளியானபோது, உடல் எடை மிகுந்த நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் மேற்கொண்டவர்களோடு ஒப்பிடுகையில், சர்க்கரை தொடர்பான இறப்பு 42 சதவீதமும் மொத்த இறப்பு 36 சதவீதமும் குறைந்திருந்தது தெரிந்தது. அதைக் காணப் பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பயனை எந்த நோயாளியும் எந்தக் காலையிலும் தன் உடம்பில் உணர்ந்திருக்க முடியாது. மாத்திரை போட்டும் ஒன்றும் தெரியவில்லையே என்று அவர் நிறுத்திவிடுவார். ஆக, ஒரு நோயில் பயனே இல்லாதது புகழ் பெறலாம். இன்னொன்றில் உயிர் காப்பது கைவிடப்படலாம். இரண்டு ஏமாற்றத்தையும் திருத்துவதற்கு, மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அருகருகே வைத்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

மெட்ஃபார்மினின் வரலாற்றையே பாருங்கள். அதன் வேர், கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய செடி அது. மேயும் ஆடுகளுக்கோ நஞ்சு. அதிலிருந்து பிரித்த கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டு 1920-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் வேலை சிறிது நேரமே நீடித்தது, நச்சுத்தன்மையோ அதிகம், கைவிட்டார்கள். அதே ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் செயற்கையாக உருவாக்கினார்கள். மருந்தாக அது பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1950-ஐ ஒட்டி பிலிப்பைன்ஸ் மருத்துவர் யூசேபியோ கார்சியா அதை ஃப்ளூமமின் என்ற பெயரில் ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்தார். இரத்தச் சர்க்கரை இறங்குவதையும் குறித்து வைத்தார். ஃப்ளூ மருந்தாக அது நிலைக்கவில்லை. அந்தக் குறிப்பைத் தொடர்ந்த பாரீஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-ல் அதைச் சர்க்கரை மருந்தாக முன்வைத்தார். அதன் உடன்பிறப்பான ஃபென்ஃபார்மின் அதைவிட வீரியமானது; இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடி நோயாளிகள் இறந்ததால் 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. தடயம் தந்த செடி பாதுகாப்பானதாக இல்லை. ஆய்வகத்தில் பிறந்த இரண்டில் ஒன்று உயிரைக் காத்தது, மற்றது எடுத்தது. பிறப்பை மட்டும் வைத்து இவற்றில் எதன் குணத்தையும் யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

ஃப்ளூவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுபது ஆண்டுகள் கழித்து மெட்ஃபார்மின் மீண்டும் ஒரு வைரஸின் முன் நின்றது. அமெரிக்காவில் கோவிட்-அவுட் என்ற சோதனையில், உடல் எடை மிகுந்த கொரோனா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மெட்ஃபார்மினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் இரண்டு வாரம் கொடுத்தார்கள். முதன்மை அளவுகோலில் அது தேறவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். பத்து மாதம் பின்தொடர்ந்தபோது, நீடித்த கோவிட் என்று மருத்துவர் கண்டறிந்தவர்கள் மெட்ஃபார்மின் குழுவில் 6.3 சதவீதமாகவும் மற்றக் குழுவில் 10.4 சதவீதமாகவும் இருந்தார்கள். அதே சோதனையில் கொடுத்துப் பார்த்த ஐவர்மெக்டினுக்கு எந்தப் பயனும் தென்படவில்லை. பிரேசிலில் நடந்த இன்னொரு சோதனையில், மருத்துவமனைச் சேர்க்கையை மெட்ஃபார்மின் குறைக்கவில்லை. உங்களில் சிலருக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். எனக்கு இதுவே நேர்மையான அறிவின் தோற்றமாகப் படுகிறது: இன்ன கட்டத்தில் தொடங்கினால் இன்ன பயன் இருக்கக்கூடும், இன்ன பயன் இல்லை, மேலும் பார்க்க வேண்டும். ஒரு கஷாயத்தைப் பற்றியும் நம்மால் இதே துல்லியத்தோடு பேச முடிகிற நாளைத்தான் நான் விரும்புகிறேன்.

மருந்தே இல்லாத வழியும் இந்தத் தேர்வை எழுதித் தேறியிருக்கிறது என்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில், எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 31 சதவீதம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கணக்கு வேறாக வந்தது: பழக்க மாற்றத்துக்கு 28.5 சதவீதம், குறைந்த அளவு மெட்ஃபார்மினுக்கு 26.4 சதவீதம், இரண்டையும் சேர்த்தாலும் 28.2 சதவீதம்தான். நம் மக்களிடம் பழக்க மாற்றமும் மாத்திரையும் ஏறத்தாழச் சமம், சேர்ப்பதால் கூடுதல் லாபம் இல்லை என்பதை அமெரிக்க ஆய்வைப் படித்து யாரும் ஊகித்திருக்க முடியாது. இங்கே எண்ணியதால் தெரிந்தது. நடப்பதும் அளவாக உண்பதும் வெறும் அறிவுரை என்று நினைத்துச் சீட்டின் ஓரத்தில் கிறுக்காதீர்கள். மாத்திரைக்கு எழுதுவதைப் போலவே எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதிக் கொடுங்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைத் தட்டிக் கழிக்க நான் வரவில்லை. நூற்றாண்டுகளின் அனுபவம் சோதனை ஆகாதா என்று கேட்பார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லித் தருவது அதுதான். சர்ப்பகந்தா என்ற மூலிகையை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்து 1949-ல் எழுதிய பிறகுதான் உலகம் அதை ஏற்றது. ஆனால் தானே தணியும் நோயிலும் பத்தாண்டு கழித்துத் தாக்கும் நோயிலும், அனுபவம் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் வாதம், பித்தம், கபம் வேறுபடும்போது எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுத்துச் சோதிப்பது சித்த மருத்துவத்துக்குப் பொருந்துமா என்பது இன்னும் வலுவான கேள்வி. ஒரே மருந்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பகுதி நோயாளிகளைத் தேர்ந்த சித்த மருத்துவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள்; நாடி பார்த்து அவர் விரும்பியதைக் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் நடக்கட்டும். எந்தக் குழு விரைவில் வேலைக்குத் திரும்பியது, எதில் சர்க்கரை கட்டுக்குள் நின்றது என்று எண்ணுங்கள். மருத்துவ முறையின் தத்துவத்தைத் தொடாமலே அதன் பலனை அளக்க இப்படி வழி இருக்கிறது.

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கு மட்டும் என்னால் இடம் தர முடியவில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடியைத் தினமும் எடுத்தவர்களில் 43 பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை, இந்தியாவின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 2022-ல் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே மும்பையிலிருந்து இப்படி ஓர் அறிக்கை வந்தபோது, நோயாளிகள் எடுத்தது அதே பேரினத்தின் வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பையே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் கடையில் வாங்கும் பொடியில் இருப்பது எந்தக் கொடி என்று மக்களால் அறிய முடியவில்லை என்றாகிறது; கவலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பதினைந்து சரக்குகள் சேரும் சித்த மருந்தான கபசுரக் குடிநீரில் சீந்திலும் ஒன்று. சரக்கை அடையாளம் கண்டு தரம் பார்ப்பது மருந்தாளுநர்களாகிய உங்கள் கடமை.

நவீன மருத்துவம் படித்தவர்களே, இந்தத் தேர்வில் நம் தரப்பும் தவறியிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுவின் பரிந்துரைக்கப்பட்டபோது அதற்குச் சோதனைச் சான்று இல்லை. அடுத்த ஆண்டு வீட்டுச் சிகிச்சைக்கான அரசு வழிகாட்டுதலில் ஐவர்மெக்டின் இருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் கதை இவற்றைவிடக் கசப்பானது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. 2021-ல் நம் நாட்டில் ஆக்சிஜன் தேவைப்படாத பலரும் ஸ்டீராய்டை வீட்டிலிருந்தே விழுங்கினார்கள். சர்க்கரை ஏறியது, கருப்புப் பூஞ்சை பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது. தேறிய மருந்தே ஆனாலும் தவறான ஆளுக்குத் தவறான நாளில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பணம் எங்கே, நேரம் எங்கே என்ற கேள்வியும் நியாயமானதே. காப்புரிமை பெற முடியாத இலைக்கும், காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரைக்கும் எந்த நிறுவனம் செலவு செய்யும்? அதனால்தான் இதை அரசு செய்ய வேண்டும் என்கிறேன். டெக்ஸாமெத்தசோன் பற்றிய உண்மையைக் கண்ட ரெகவரி சோதனை பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் 2020 மார்ச்சில் தொடங்கியது. ஜூன் 16 அன்று விடை சொல்லிவிட்டது. கொள்ளைநோயின் நடுவே 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் எளிய படிவங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். அதே மாதங்களில் தமிழ்நாட்டில் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் வழங்கினோம். பாதி வார்டுகளில் முதலிலும் மீதி வார்டுகளில் சில வாரம் கழித்தும் கொடுத்து எண்ணியிருந்தால் உலகத்துக்கே ஒரு விடை கிடைத்திருக்கும். நடந்த சோதனைகள் சிறியவை. அவற்றை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பை இழந்ததில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

அடுத்த வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இரு முறை மருத்துவர்களும் பணியாற்றும் அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் நம்மிடம் இருக்கின்றன. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் நடக்கிறது. நோயாளிகளும் இருக்கிறார்கள், மருந்துகளும் இருக்கின்றன. சேர்ந்து எண்ணும் பழக்கம்தான் இல்லை. நாளை முதல் ஒவ்வொரு நோயாளியிடமும் வேறென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அன்பாகக் கேளுங்கள். சொன்னதை ஏளனம் செய்யாமல் நோய்க்குறிப்பில் எழுதுங்கள். பக்கவிளைவு தெரிந்தால், எந்த முறை மருந்தாக இருந்தாலும், கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவியுங்கள். டெங்குவுக்குப் பின் சர்க்கரை நோயாளிகளை வாட்டும் அசதிக்கு எது உதவுகிறது என்று ஒரு சித்த மருத்துவரும் ஒரு நவீன மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் ஒரு செவிலியரும் சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஒரு மாவட்டத்திலாவது சோதனை தொடங்குங்கள். முடிவு உங்கள் முறைக்குச் சாதகமாக வராவிட்டாலும் அதை வெளியிடுங்கள்.