பிணைக்கைதிகளுக்காக எழுந்த குரல்
(ஜமாஅத் பொதுக்குழுவில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஆயுதம் ஏந்தாத ஒருவரைப் பிடித்து வைத்து, அவருடைய உயிரைக் காட்டிப் பேரம் பேசுவதை உலகச் சட்டம் தடுத்துள்ளது. 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளிலும், 1979 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையிலும் அத்தடை உண்டு. சிரியாவுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் மடங்களில் வாழும் துறவியரையும் தீண்டலாகாது எனக் கட்டளையிட்டதை நாம் அறிவோம். கைதிக்கு உணவளிப்போரை இறைமறையின் 76 ஆம் அத்தியாயம் போற்றுவதும் நாம் அறிந்ததே. ஆயினும், ஏட்டில் உள்ள தடை பிடிபட்டவனின் கட்டை அவிழ்ப்பதில்லை. அதற்கு யாரேனும் பேச வேண்டும். யார் பேசினால் எடுபடும் என்பதைக் குறித்தே சில சொல்ல விழைகிறேன்.

2004 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஈராக்கில் கிறிஸ்தியான் ஷெனோ, ஜார்ஜ் மால்ப்ருனோ என்ற இரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களும் அவர்களுடைய சிரியா நாட்டு ஓட்டுநரும் கடத்தப்பட்டனர். கடத்தியவர்கள் விடுத்த கோரிக்கை விசித்திரமானது. அரசுப் பள்ளிகளில் மாணவியர் முக்காடு அணிவதைத் தடுக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 48 மணி நேரத்தில் திரும்பப் பெற வேண்டுமாம்!

அச்சட்டத்தை எதிர்த்துப் பிரான்ஸ் நாட்டு முஸ்லிம்கள் பலர் வீதியில் ஊர்வலம் சென்றவர்கள். அவர்களுடைய மனக்குறை உண்மையானது. "நமக்காகத்தானே செய்கிறார்கள்" என்று அவர்கள் வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறு இருக்கவில்லை. எங்கள் வழக்கை நாங்களே எங்கள் நாட்டில் நடத்திக் கொள்வோம், எங்கள் பெயரால் இரத்தம் சிந்தாதீர் என்னும் கருத்தில் அனைத்து அமைப்புகளும் ஒரே குரலில் பேசின. தங்கள் முக்காட்டில் இரத்தக்கறை படியலாகாது என்று பெண்களே முன்வந்து அறிவித்தனர். பிரெஞ்சு முஸ்லிம் மன்றத்தின் தூதுக்குழு ஒன்று செப்டம்பர் தொடக்கத்தில் பாக்தாத் சென்றது. குண்டுகள் வெடித்துக் கொண்டிருந்த நகரம் அது. போனவர்கள் திரும்புவது உறுதியன்று. மறுபுறம் வெளியுறவு அமைச்சர் மிஷேல் பார்னியே கெய்ரோவுக்கும் அம்மானுக்கும் பறந்தார். அரபு லீக்கும், யாசிர் அரஃபாத்தும், ஷேக் யூசுஃப் அல்கர்ளாவியும் விடுதலை கோரினர்.

சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. ஓட்டுநரை நவம்பரில் ஃபலூஜாவில் அமெரிக்கப் படையினர் கண்டெடுத்தனர். (அவருக்காக உலகில் எழுந்த குரல் மிகக் குறைவு என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.) பத்திரிகையாளர் இருவரும் டிசம்பர் 21 அன்று, நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலை பெற்றனர். பணம் கைமாறியது என்றும் பேசப்பட்டது. பிரெஞ்சு அரசு அதனை மறுத்தது. வேண்டுகோள் மட்டுமே அவர்களை மீட்டது என்று நான் வாதாட வரவில்லை. கெடு விதித்தவர்களின் கையை முதல் சில நாட்களில் தடுத்து நிறுத்தியதில், யாருக்காக வழக்காடுவதாகச் சொன்னார்களோ அவர்களே "வேண்டாம்" என்றதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கருத்து.

அதே காலத்தில், குவைத் நிறுவனம் ஒன்றில் லாரி ஓட்டிய இந்தியர் மூவரும், கென்யர் மூவரும், எகிப்தியர் ஒருவரும் பிடிபட்டிருந்தனர். அன்றைய வெளியுறவுத்துறை இணையமைச்சர் இ. அகமது அம்முயற்சிகளை முன்னின்று நடத்தினார். நிறுவனம் ஈராக்கைவிட்டு வெளியேற இசைந்தது. ஆறு வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 1 அன்று எழுவரும் விடுவிக்கப்பட்டனர்.

அதற்கு முந்தைய நாள், பிழைப்புத் தேடிச் சென்ற நேபாளத் தொழிலாளர் 12 பேர் கொல்லப்பட்ட செய்தி வெளியாயிற்று. நேபாள அரசும் வேண்டுகோள் விடுத்திருந்தது. ஆனால் பாக்தாதில் அதற்குத் தூதரகம் இல்லை. இந்தியர் விடுதலையான அதே செப்டம்பர் 1 அன்று, கொலைச் செய்தியால் கொதித்த கூட்டம் காட்மாண்டு ஜாமிஆ மஸ்ஜிதுக்குள் புகுந்து சூறையாடியது. அங்கே தொழுது வந்த எளிய மக்களுக்கும் ஈராக்கியக் கடத்தல்காரர்களுக்கும் என்ன தொடர்பு?

"எங்கோ எவரோ செய்ததற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லும் கடமை நமக்கு இல்லை. நம்மைக் காத்துக் கொள்ள எழுதும் கண்டன அறிக்கையை நான் கேட்கவில்லை. பிடிபட்டவனைக் காக்க எழுதும் வேண்டுகோளைக் கேட்கிறேன். அவன் எம்மதத்தவனாயினும் சரி.

எல்லா வேண்டுகோளும் பலிப்பதில்லை. 2014 இல் திக்ரித்தில் சிக்கிய 46 செவிலியர் நலமே நாடு திரும்பினர். அதே ஆண்டு மோசுலில் கடத்தப்பட்ட இந்தியர் 39 பேர் உயிருடன் இல்லை என்பது 2018 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. அந்நான்கு ஆண்டுகள் அக்குடும்பங்கள் எவ்வாறு உறங்கியிருக்கும்!

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் மஹல்லாவிலிருந்து வெளிநாடு சென்றோர் அனைவரின் பெயர், பாஸ்போர்ட் எண், வேலை தரும் நிறுவனம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். மாற்று மதத்து அண்டை வீட்டார் விரும்பினால் அவர்களுடையதையும் சேர்ப்போம். இத்தகைய துயரம் நேரும்போது நம் ஆலிம்கள் அரபு மொழியிலேயே ஒரு வேண்டுகோள் மடல் வரைந்து தரட்டும். அதனை நாமாகப் பத்திரிகைகளுக்குக் கொடுக்காமல், முதலில் வெளியுறவு அமைச்சகத்திடம் ஒப்படைப்போம். எப்போது, யார் வழியாக அனுப்புவது என்பதை அங்கே பேச்சு நடத்துவோரே அறிவர்.

வஸ்ஸலாம்.