ஊர் கூடிச் செலுத்தும் படகு



ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். படகுக்கும் இது பொருந்தும். அப்படி ஊர் கூடிச் செலுத்தும் ஒரு படகைப் பற்றி இன்று பேசுவோம்.

கேரளத்தில் ஆறன்முளை என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தனம்திட்டை மாவட்டத்தில், பம்பை ஆற்றின் கரையில் உள்ள ஊர். அங்கே பார்த்தசாரதி கோயில் இருக்கிறது. ஆவணி மாதம், ஓணம் முடிந்து நான்காம் நாள் உத்திரட்டாதி. அன்று அங்கே படகு விழா நடக்கும். சுற்றியுள்ள ஊர்களில் இருந்து நீண்ட படகுகள் வரும். அவற்றுக்குப் பள்ளியோடம் என்று பெயர். இப்படி 52 பள்ளியோடங்கள் உள்ளன.

பள்ளியோடம் சுமார் 100 அடி நீளம் இருக்கும். அதன் பின்பக்கம் பாம்பு படம் எடுத்தது போல உயர்ந்து நிற்கும். துடுப்புப் போடுகிறவர்கள் மட்டும் சுமார் 100 பேர். பாட்டுப் பாடுகிறவர்கள் 25 பேர் வரை இருப்பார்கள். பின்னால் நின்று நீண்ட துடுப்பால் படகைத் திருப்புகிறவர்கள் 4 பேர்.

படகு யாருடையது?

இந்தப் படகு தனி ஒரு பணக்காரருடையது அல்ல. ஊருக்குப் பொதுவானது. ஊரைக் கரை என்று அங்கே சொல்வார்கள். ஒரு கரைக்கு ஒரு படகு.

புதுப் படகு கட்டப் பல லட்சம் ரூபாய் ஆகும். அயினி மரம் வாங்க வேண்டும். மலையாளத்தில் அதை ஆஞ்ஞிலி என்பார்கள். தண்ணீரில் எளிதில் கெடாத மரம் அது. தச்சர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஊர் மக்கள் தங்களால் முடிந்த பணத்தைக் கொடுக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் அனுப்புகிறார்கள்.

புறப்படும் முன்பு

மற்ற மாதங்களில் படகு கரையில் ஒரு கொட்டகையில் இருக்கும். விழாவுக்கு முன்பு அதைச் சுத்தம் செய்வார்கள். விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்வார்கள். எண்ணெய் பூசுவார்கள். பிறகு நல்ல நாள் பார்த்துத் தண்ணீரில் இறக்குவார்கள். இத்தனை நீளமான படகை இறக்க நாலு பேர் போதுமா? ஊரே கை கொடுக்கிறது.

அடுத்தது பயிற்சி. பலம் மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் துடுப்பு முன்னால் விழுந்து, மற்றவர் துடுப்பு பின்னால் விழுந்தால் படகு ஓடாது. வஞ்சிப்பாட்டின் தாளத்துக்கு எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும். இதைப் பெரியவர்கள் இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

துடுப்புப் போடுகிறவர்களுக்குச் சோறு யார் போடுவது? ஆறன்முளையில் வள்ளசத்யா என்ற வழக்கம் உண்டு. வள்ளம் என்றால் படகு. சத்யா என்றால் விருந்து. வேண்டுதல் உள்ளவர் ஒரு படகைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் படகில் வருகிற அனைவருக்கும் இலை போட்டு விருந்து வைப்பார். அறுபதுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் இருக்கும். வேண்டியதைப் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள். கேட்டது இலைக்கு வரும்.

வழக்கப்படி பெண்கள் பள்ளியோடத்தில் ஏறுவதில்லை. ஆனால் ஆலப்புழையில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டியில் பெண்களே துடுப்புப் போடும் படகுகளும் உண்டு.

ஒரு துயரம்

2022 செப்டம்பரில் ஒரு துயரம் நடந்தது. சென்னித்தலா ஊரின் பள்ளியோடம் ஆறன்முளைக்குப் புறப்பட்டது. அச்சன்கோவில் ஆற்றில் அது கவிழ்ந்தது. உயிர்கள் போயின. இறந்தவர்களில் ஒரு பள்ளி மாணவனும் உண்டு. விழாவுக்குப் போக வேண்டிய ஊர் அழுதுகொண்டு நின்றது.

ஆறு அழகானதுதான். ஆனால் மழைக்காலத்தில் அதன் இழுப்பு மேலே தெரியாது. எனவே ஆற்றில் கூட்டமாகப் போகிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

நீச்சல் தெரியாதவரைப் படகில் ஏற்றக் கூடாது.
படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏறக் கூடாது.
வெள்ளம் அதிகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும்.
துணைக்கு ஒரு மோட்டார் படகு கூடவே வர வேண்டும்.
ஏறுகிறவர்களின் பெயர்களை எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். படகு கவிழ்ந்தால் முதலில் எழும் கேள்வி என்ன? "எத்தனை பேர் ஏறினார்கள்? யார் யார் வந்து சேர்ந்தார்கள்?" பட்டியல் இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். தேடுவதற்குள் நேரம் போய்விடும். அந்த நேரத்தில் ஓர் உயிரே போய்விடலாம்.

பணத்துக்கும் அப்படித்தான். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் நோட்டில் இருக்க வேண்டும். செலவையும் எழுதி, ஊர் நடுவில் எல்லோரும் கேட்கும்படி படித்துக் காட்ட வேண்டும். கணக்கு தெளிவாக இருந்தால் அடுத்த ஆண்டும் மக்கள் மனம் உவந்து கொடுப்பார்கள்.

நம் ஊரில் பள்ளியோடம் இல்லாமல் இருக்கலாம். திருவிழா உண்டு. குளம் தூர்வாரும் வேலை உண்டு. வண்டி பிடித்துக் கூட்டமாகப் போகும் பயணம் உண்டு. அடுத்த முறை ஊர் கூடும்போது, பெயர்ப் பட்டியலையும் கணக்கையும் எழுத ஆள் தேடுவார்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். "நோட்டை இங்கே கொடுங்கள், நான் எழுதுகிறேன்" என்று முன்னால் வாருங்கள்.