நமக்கு எதிராகவேனும் சாட்சி சொல்வோம்

(ஜும்ஆ உரை – திருப்பனந்தாள்)

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாக வந்துதித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! ஈமான் கொண்டோரை அழைத்து அல்லாஹ் தஆலா ஒரு கனமான கட்டளையை இடுகின்றான். நீதியில் உறுதியாக நிற்க வேண்டும். அல்லாஹ்வுக்காகவே சாட்சி கூற வேண்டும். அந்தச் சாட்சி நமக்கோ, நம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் பின்வாங்கக் கூடாது என்பது அக்கட்டளையின் கருத்து (அல்குர்ஆன் 4:135). பிறர் நமக்கு இழைத்த அநீதியைப் பேச நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1992 டிசம்பர் 6ஐ நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். நம் பெயர் தாங்கியவர்கள் பிறருக்கு இழைத்த அநீதியைப் பேசும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. அத்தகைய ஒன்றைப் பற்றியே இன்று பேச நாடியுள்ளேன்.

2019 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களுக்கு அது உயிர்த்த ஞாயிறு, அவர்களின் பெருநாள். பெருநாள் காலை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். புத்தாடை, குழந்தைகளின் ஆரவாரம், வயதானவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லுதல். அப்படி இலங்கையின் தேவாலயங்களில் கூடியிருந்தவர்கள் மத்தியில், வெடிகுண்டுப் பைகளைச் சுமந்தவர்கள் நுழைந்தார்கள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் நட்சத்திர விடுதிகள் என அன்று பலியான உயிர்கள் 250க்கும் அதிகம். கட்டுவப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். அவர்கள் தமிழ் பேசிய பிள்ளைகள். நம் மக்தபில் அலிஃப், பா ஓதும் பிள்ளைகளின் வயதினர்.

குண்டு சுமந்தவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக் கொண்டார்கள். அவர்களின் தலைவர் ஸஹ்ரான் மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவருடைய உரைகளும் தமிழில்தாம் இருந்தன. நாம் பேசும் அதே தமிழில், நாம் ஓதும் அதே ஆயத்துகளைக் காட்டி அவர் பேசினார். ஆகவே, எங்கோ அரபு நாட்டில், புரியாத மொழியில் நடந்தது என்று கைகழுவிவிட நமக்கு வழியில்லை.

அன்பிற்கினியவர்களே! காத்தான்குடியின் பெயரைக் கேட்டதும் மூத்தவர்களுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வரும். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள் விடுதலைப் புலிகள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். வணக்கத்தில் இருக்கும் மனிதனைக் கொல்வது எத்தகைய கொடுமை என்பதை அந்த ஊரைப் போல் அறிந்த ஊர் உண்டா? அந்த ஊரில் பிறந்த ஒருவர், வணக்கத்தில் இருந்தவர்களைக் கொல்லும் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார் என்றால், மார்க்கத்தின் பெயரால் அவருடைய நெஞ்சில் எத்தனை பெரிய இருட்டு புகுந்திருக்க வேண்டும்!

அதே ஊரின் மற்றொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸஹ்ரானைப் பற்றி முன்கூட்டியே காவல்துறையிடம் முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017இல் தரீக்காவைச் சார்ந்தவர்களை அவருடைய கூட்டத்தினர் தாக்கியதில் அவர் தேடப்படும் நபராகித் தலைமறைவானார். குண்டுவெடிப்புக்குப் பின், குண்டுதாரிகளின் ஜனாஸாவை ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு முஸ்லிமுக்குக் கப்ருக்குரிய இடத்தை மறுப்பது எளிதான முடிவா? அந்த உலமாக்கள் அதைச் சொன்னார்கள். என் பார்வையில் அது மேற்கண்ட வசனத்தின் மீது செய்யப்பட்ட அமல்.

சிலர் கேட்பார்கள்: ஹழ்ரத், இது சதியல்லவா? இதற்குப் பின்னால் அரசியல் கைகள் இருந்தன என்கிறார்களே? இருக்கலாம், அதை விசாரிக்க வேண்டியதுதான். எச்சரிக்கைகள் கிடைத்தும் தடுக்கத் தவறினார் என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னும் எவரெவர் குற்றவாளிகளோ அவர்களும் வெளிவரட்டும். ஆனால், தூண்டியவன் எவனாக இருந்தாலும் பையைச் சுமந்த தோள் யாருடையது? சதி என்ற ஒரு சொல்லைச் சொல்லி நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்த ஸஹ்ரான் நம் தெருவிலேயே வளர்ந்தாலும் நாம் அறியமாட்டோம்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் வாழும் முஸ்லிமல்லாதவரைக் கொன்றவன் சுவனத்தின் வாடையைக்கூட நுகரமாட்டான் என்றும், அதன் வாடையோ நாற்பதாண்டு நடைதூரத்திலிருந்தே வீசும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). அப்படிப்பட்டவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராக மறுமை நாளில் தாமே வழக்குரைப்பதாகவும் கூறினார்கள் (அபூதாவூத்). சிந்தித்துப் பாருங்கள்! மஹ்ஷர் மைதானத்தில் எவருடைய ஷஃபாஅத்தை நம்பி நாம் நிற்கப் போகிறோமோ, அவர்களே நமக்கு எதிரணியில், ஒரு கிறிஸ்தவருக்காக நின்றால் நம் நிலை என்ன?

அந்த ஹதீஸ் இஸ்லாமிய ஆட்சியில் வாழ்பவர்களுக்குத்தானே, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் எப்படிப் பொருந்தும் என்று ஓரிரு இளைஞர்கள் வாதிடுகிறார்கள். நம் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டில் பாதுகாப்புப் பெற்று நுழைந்த முஸ்லிம், அங்குள்ளோரின் உயிரிலும் பொருளிலும் கை வைப்பது ஹராம். அது துரோகம் என்று இமாம்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வணிகத்துக்காகச் சில மாதம் தங்கச் சென்றவனுக்கே இதுதான் சட்டம். பிறந்து, படித்து, வாக்களித்து, பத்திரம் பதிந்து, குடும்ப அட்டை வாங்கி வாழ்பவனுக்கு அந்தப் பொறுப்பு கூடுமா, குறையுமா? வாக்குறுதியைக் குறித்து விசாரிக்கப்படும் என்பது அல்லாஹ்வின் எச்சரிக்கை (17:34).

இன்னொன்றையும் கவனியுங்கள். அல்லாஹ் மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரைத் தடுத்திராவிட்டால் இடிக்கப்பட்டிருக்கும் வணக்கத் தலங்கள் எவை என்று குர்ஆன் வரிசைப்படுத்துகிறது (22:40). துறவி மடங்கள், தேவாலயங்கள், யூதர்களின் ஆலயங்கள் ஆகியவற்றைச் சொன்ன பிறகே மஸ்ஜிதுகளைச் சொல்கிறது. படை அனுப்பிய ஹழ்ரத் அபூபக்ர் (ரழி) அவர்கள், மடங்களில் ஒதுங்கி வாழும் துறவிகளைத் தொடக் கூடாது என்று தளபதிக்கு வஸிய்யத் செய்தார்கள். பைத்துல் முகத்தஸில் ஹழ்ரத் உமர் (ரழி) அவர்கள், பாதிரியார் அழைத்தும் தேவாலயத்தினுள் தொழ மறுத்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தாம் அங்கே தொழுதால், பின்வரும் முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டி அவ்விடத்தைக் கைப்பற்றிவிடக் கூடும் என்பது அவர்களின் அச்சம். வென்ற கலீஃபா அஞ்சியது எதிரிகளைக் குறித்து அன்று, தம் சமுதாயத்தின் நாளைய அநீதியைக் குறித்து!

அண்மைக் காலத்துக்கு வருவோம். அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களை நம்மில் பலர் அறியமாட்டார்கள். தம் மண்ணைப் பறித்த பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து 1832 முதல் 1847 வரை போரிட்டவர். சரணடைந்த பின், கொடுத்த வாக்கை மீறி அவரைப் பிரான்ஸில் சிறை வைத்தார்கள். விடுதலையாகித் திமிஷ்கில் குடியேறினார். 1860 ஜூலையில் அந்நகரில் கிறிஸ்தவர்களுக்கு எதிரான பெருங்கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அமீர் என்ன செய்தார்? தம் அல்ஜீரியத் தோழர்களைத் தெருத்தெருவாக அனுப்பிக் கிறிஸ்தவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்து வரச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் அடைக்கலம் பெற்றார்கள். அவர்களை ஒப்படைக்கும்படி வந்த கும்பலின் முன் நின்று மறுத்தார். அந்தக் கும்பலிலும் கலிமாச் சொன்னவர்களே இருந்தார்கள். கிறிஸ்தவர்களின் மீது கோபம் கொள்ள அவரைவிட உரிமையுள்ளவர் எவர்? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து உங்களை வழுவச் செய்ய வேண்டாம் என்னும் கருத்துள்ள ஆயத்துக்கு (5:8) அவர் உயிருள்ள விரிவுரையாக நின்றார். பாராட்டி எழுதிய பாதிரியாருக்கு, தம் மார்க்கத்தின் சட்டத்தையும் மனித உரிமையையும் பேணியே அதைச் செய்ததாகப் பதில் எழுதினார்.

அநியாயக்காரனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்னும் ஹதீஸை நாம் அறிவோம். அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்களே விளக்கினார்கள் (புகாரி). கையைப் பிடிக்க ஆளில்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதை 2023 ஆகஸ்ட் 16 அன்று பாகிஸ்தானின் ஜரான்வாலாவில் கண்டோம். குர்ஆனின் பக்கங்கள் அவமதிக்கப்பட்டன என்று ஒரு செய்தி பரவியது. விசாரணை நடப்பதற்கு முன்பே கும்பல் திரண்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் மக்களைத் திரளுமாறு அழைத்ததாகச் செய்திகள் வந்தன. ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களும், துப்புரவுத் தொழில் செய்து பிழைக்கும் ஏழைக் கிறிஸ்தவர்கள் பலரின் வீடுகளும் சூறையாடப்பட்டன. அவற்றுக்குள் இருந்த இன்ஜீல் பிரதிகளும் எரிந்தன. வேதத்தின் கண்ணியத்துக்காக வேதம் எரிப்பதா? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்னும் கருத்தை உரைக்கும் ஹுஜுராத் அத்தியாயம் (49:6) அந்த ஊர் மிஹ்ராபிலும் ஓதப்பட்டதுதானே!

பாங்கு சொல்லும் கருவி அது. நம் மினாராவிலும் ஒன்று இருக்கிறது. அதில் எது ஒலிக்கலாம், எது ஒலிக்கக் கூடாது என்பதற்கு இமாமும் முஅத்தினும் நிர்வாகிகளும் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. அந்தக் கைப்பேசிக்கும் இதே விசாரணைதான்.

நம் நாட்டிலும் வதந்தியே தீப்பெட்டியாக இருந்தது. ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்ட் 23 அன்று சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்ற பின்னரும் பழி கிறிஸ்தவர்களின் மீதே விழுந்தது. அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே 40ஐ ஒட்டியது. நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் நாசமாயின. 50,000 பேருக்கு மேல் வீடிழந்து காடுகளிலும் முகாம்களிலும் ஒதுங்கினார்கள். நமக்கு நேர்ந்தபோது பேசியவர்கள் யார், பேசாதவர்கள் யார் என்று கணக்குப் பார்த்தா இதைக் கண்டிப்பது? கட்டுவப்பிட்டியைக் கண்டிக்காத வாய் கந்தமாலைக் கண்டித்தால் அது அரசியலாகிவிடும்.

கணக்குத்தான் வேண்டுமென்றால், பழைய கடன் ஒன்று நம் மீது இருக்கிறது. மக்காவின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது அடைக்கலம் தந்தது கிறிஸ்தவ அரசவை. பரிசுப் பொருள்களுடன் பின்தொடர்ந்து வந்த குறைஷிகளின் தூதர்களிடம் அகதிகளை ஒப்படைக்க நஜாஷி மறுத்தார். ஹழ்ரத் ஜஅஃபர் (ரழி) அவர்கள் சூரா மர்யமை ஓதக் கேட்டு அந்த அவையே அழுதது. அது பின்னர் அவர் இஸ்லாத்தை ஏற்பதற்கு முந்தைய செய்தி. இலங்கையிலும் இதன் சாயலைக் கண்டோம். குண்டுவெடிப்புக்குப் பின் முஸ்லிம்களின் மீது கை வைக்கக் கூடாது என்று தம் மக்களைத் தடுத்து நின்றார் கர்தினால் மல்கம் ரஞ்சித். ஆயினும் 2019 மே மாதத்தில் குருநாகல், கம்பஹா பகுதிகளில் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் அகீதா ஒன்று; அவர்களுடையது வேறு. அதை மறைக்கவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். அழகிய முறையில் பேசலாம். குர்ஆன் அதற்கு வழி காட்டுகிறது (29:46). ஆனால் கொள்கையில் வேறுபட்டவரின் உயிர் நம்மிடம் அமானிதம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நம் நாகை மாவட்டத்துக் கரையை அழித்தபோது, வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் கரையொதுங்கிய உடல்களில் எது எவருடையது என்று பார்க்க முடிந்ததா? நாகூர் தர்கா நிலத்தில் எல்லாச் சமயத்தாரையும் அடக்கினார்கள்.

இந்த உரையை வீட்டில் வாசிக்கும் தாய்மார்களே! பிள்ளைகளுக்கு நஜாஷியின் வரலாற்றையும் அமீர் அப்துல் காதிரின் வரலாற்றையும் சொல்லுங்கள். கான்வென்டில் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் கன்னியாஸ்திரீகள். அவர்களைப் பற்றிய ஏளனப் பேச்சு நம் வீட்டில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இளைஞர்களே! தனிமையில் கைப்பேசியில் ஒருவர் வந்து, இன்னாரைக் கொல்வது ஜிஹாத் என்று சொன்னால், அதை மறைத்து வைக்காமல் உங்கள் ஊர் ஆலிமிடம் கொண்டு வாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் காவியுடுத்தி நம் சாலைகளில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்பவர்களுக்கு நம் ஜமாஅத் சார்பில் குடிநீர் வைப்பது பற்றி, தொழுகைக்குப் பின் நிர்வாகிகள் பேசுவார்கள், இருந்து கலந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! உன் பெயரைச் சொல்லி உன் அடியார்களைக் கொல்வோரின் தீங்கிலிருந்து எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! மட்டக்களப்பிலும், நீர்கொழும்பிலும், கந்தமாலிலும், ஜரான்வாலாவிலும் பிள்ளைகளையும் வீடுகளையும் இழந்து நிற்போரின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.