ஈன்றவளின் முதற்பால்

திருச்சிற்றம்பலம்.

ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேசுவரப் பெருமானின் தேர்த்திருவிழாவில், ஒரு திருவிளையாடலைச் சிந்திக்கத் திருவருள் கூட்டியிருக்கின்றது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்த படலம் ஒன்றுண்டு. வியாழபகவானை இகழ்ந்த பிழையால், சுகலன் என்னும் வேளாளனின் மைந்தர் பன்னிருவர் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்தனர். பாண்டியனின் வேட்டையிலே தந்தைப் பன்றியும் தாய்ப் பன்றியும் மாண்டன. பாலின்றிக் குட்டிகள் துடித்தன. அது பொறாத சொக்கநாதப் பெருமான் தாய்ப்பன்றியாகிச் சென்று பாலூட்டினார். அக்குட்டிகளே பின்னர்ப் பாண்டியனுக்கு அமைச்சராயினர்.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பாலுக்கு அழுத உபமன்னியருக்குப் பாற்கடலையே ஈந்தவர் நம் பெருமான். அதில் ஒரு துளியை இக்குட்டிகளுக்கு வார்த்திருக்கலாகாதா? புனிதமான பசுவாய் வந்திருக்கலாகாதா? அவ்வாறு செய்திலர், பன்றியாகவே வந்தார். எவ்வுயிரின் மகவுக்கும் அவ்வுயிரின் தாய்ப்பாலே உரியது என்பதன்றோ இதன் குறிப்பு!

இந்நியதியை மாந்தராகிய நாமே மறந்தோம். மகவு பிறந்தவுடன் நாவிலே தேன், சர்க்கரைத் தண்ணீர், சிலவிடங்களிற் கழுதைப்பால்! மஞ்சள் நிறமாய்ச் சுரக்கும் முதற்பாலாகிய சீம்பாலோ, 'கெட்ட பால்' என்று பீய்ச்சி எறியப்படுகின்றது. பசு ஈன்றால் மட்டும் அதன் சீம்பாலை வெல்லமிட்டுக் காய்ச்சி, அண்டை வீட்டார்க்கும் பகிர்ந்து உண்கின்றோம். இவ்வெல்லைப் புறத்திலே தெலுங்கர் அதனை ஜுன்னு என்பர். கன்னடர் கிண்ணு என்பர். பசுவின் சீம்பால் அமுதம், பெற்றவளின் சீம்பால் நஞ்சா?

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. நம் தலைப்பிள்ளை பிறந்தபோது, நம் வீட்டு முதியோர் முதற்பாலை எறிந்துவிட்டு மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீரே புகட்டினர். அந்த வாரமே ஊர்க்கோயிலில் இப்படலத்தை விரித்துரைத்துக் கொண்டிருந்த நாம், வீட்டிலே வாய் திறந்தோமில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஒன்பதாம் நாள் இறைவனடி சேர்ந்தது. அந்நீரே காரணம் என்று துணிந்து கூற நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், உரியதை மறுத்து உரியதல்லாததைக் கொடுத்தோம் என்பதை மறுக்க நம்மால் இயலவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டுக, ஆறு திங்கள் வரை அதுவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீம்பால் நோயை எதிர்க்கும் ஆற்றலை மகவுக்கு ஊட்டுகின்றது. வயிற்றிலுள்ள கருமலம் கழியவும் துணைசெய்கின்றது. அளவிற் சிறிதாயிற்றே என அஞ்சற்க. முதல் நாளிலே குழந்தையின் இரைப்பை மிகச் சிறியதே. மகவு சுவைக்கச் சுவைக்கவே பால் பெருகும். சில நாட்களில் வெண்பால் நிறையும். தேனோ ஓராண்டு நிறையும் வரை கொடுக்கத் தகாதது.

ஈன்றவளால் இயலாதபோது என் செய்வது? மருத்துவரை நாடுக. 1989-ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையிலே தாய்ப்பால் வங்கி தோன்றியது. இன்று தமிழகத்தின் பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் உண்டு. ஒரு தாய் ஈந்த பால் மற்றொருத்தியின் மகவைக் காக்கின்றது. தாயிழந்த குட்டிகளுக்குத் தாயாகி வந்த அருட்செயல் இங்கும் நிகழ்கின்றதன்றோ!

சிப்காட் தொழிற்சாலைகளை நம்பிப் பிறந்த ஊரை விட்டு இங்குக் குடியேறிய இளங்குடும்பங்கள் பல. அப்பெண்களுக்குத் தாயும் பாட்டியும் அருகில் இல்லை. 'பால் வரவில்லையே' என்று இரண்டாம் நாள் கலங்குபவளுக்கு அடுத்த வீட்டு மூதாட்டியின் சொல்லே வேதமாகின்றது. ஆதலின், இங்கு அமர்ந்திருக்கும் மூத்த தாய்மார்களே, உங்களையே வேண்டுகின்றோம். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு செல்லாதீர்கள். அவள் அருகமர்ந்து, மகவை மார்பில் அணைத்துக் கொடுத்து, 'அஞ்சாதே அம்மா, சுரக்கும்' என்று சொல்லுங்கள். அன்று நாம் சொல்லத் தவறிய சொல் அது. அதனைச் சொல்லும் நாவிலே தாயான பெருமான் எழுந்தருள்வார்.

திருச்சிற்றம்பலம்.