கோலுக்கு முன்னால் நின்றவர்



இன்ஜினியர் வந்திருக்கிறான், கான்கிரீட், பாலம் என்று அறுக்கப் போகிறான் என்று பயப்பட வேண்டாம். நான் ஒரு கோல்கீப்பரைப் பற்றிப் பேச வந்தேன். பீட்டர் தங்கராஜ். எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்! பரவாயில்லை. 2008 நவம்பரில் அவர் பொக்காரோவில் காலமானபோது நான் இதே கல்லூரியின் கோல்கீப்பர். எனக்கும் தெரியாது.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிக்கிற ஆள்! 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். நம்ம பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பட்டாளம் என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஞாபகம்தான் வரும். இவர் போனது நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு. பட்டாளத்தில்தான் அந்த நெட்டை மனிதர் கோல்கீப்பர் ஆனார். அவர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது.

அப்புறம் கல்கத்தா. அங்கே கிளப் என்பது சாதி மாதிரி. மோகன் பகான் வீட்டில் ஈஸ்ட் பெங்கால் பெயரைச் சொன்னால் சோறு கிடைக்காது. தங்கராஜ் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார், பிறகு மோகன் பகானுக்கு, 1965 முதல் ஈஸ்ட் பெங்காலுக்கு. மூன்று கிளப்பும் அவரை நம்பி கோலைக் கொடுத்தன. 1967-ல் அர்ஜுனா விருது.

நான் சொல்ல வந்தது 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. பிறகு தங்கராஜுக்கு உடம்பு சரியில்லை. பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே கொரியா. பயிற்சியாளர் ரஹீம், அன்று இரண்டு கோல் வாங்கிய தங்கராஜையே திரும்ப நிறுத்தினார். 2-1. தங்கம் நமக்கு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். கடைசி வருஷம், கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம், மழை. கார்னர் பந்துக்கு அவசரப்பட்டு வெளியே ஓடினேன்; கை வழுக்கியது. 0-1. திரும்பும்போது பஸ்ஸில் ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறுநாள் கையுறையை ஜூனியரிடம் கொடுத்தவன், பதினைந்து வருஷத்துக்கு மேல் கோல் பக்கமே போகவில்லை. பாகூர் ஏரி வற்றினால் ஊர்ப் பசங்க அதில் ஆடுவார்கள். கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

இன்று மூன்று மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் ஆட்டம். நம் அணிப் பட்டியலில் கோல்கீப்பர் இடம் மட்டும் காலியாக இருந்தது. காலையில் வந்ததும் என் பெயரை எழுதிவிட்டேன். தொந்தியைப் பார்த்துச் சிரிக்கலாம், தடையில்லை. தம்பிகளே, கார்னரை மட்டும் கொஞ்சம் பார்த்து அடிங்க.