நான்கு கிரேன்கள்



சரக்குக் கப்பல்களிலேயே காலம் கழித்தவன் நான். ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், அங்கே எத்தனை கிரேன் இருக்கிறது, வெளியே நங்கூரம் போட்டு எவ்வளவு நாள் கிடக்க வேண்டியிருக்கும் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடும். இந்த வானொலியில் ஏமனைப் பற்றிப் பேசச் சொன்னபோது, அரசியலை வேறு யாராவது பேசட்டும், நான் துறைமுகத்தைப் பேசுகிறேன் என்றேன். பேச உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்தே வருகிறது.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். 2015 மார்ச்சில் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி, தலைநகர் சனாவைப் பிடித்திருந்த ஹூதி கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக ஏமன் போரில் இறங்கியது. அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்புச் சபை 2216-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, ஹூதிகளுக்கு ஆயுதம் போகக் கூடாது என்றது. தடை ஆயுதத்துக்குத்தான், கோதுமைக்கு இல்லை. ஆனால் கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அந்த ஒரு கேள்வியைச் சொல்லியே வருகிற கப்பலையெல்லாம் நடுக்கடலில் நிறுத்திவிடலாம். ஏமன் சாப்பிடும் கோதுமையில் பத்துக்கு ஒன்பது பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. அது பெரும்பாலும் வந்து இறங்கும் இடம் செங்கடல் கரையில் உள்ள ஹொதைதா.

இனி என் கிரேன்களுக்கு வருகிறேன். 2015 ஆகஸ்டில் கூட்டணி விமானங்கள் ஹொதைதா துறைமுகத்தைத் தாக்கின. கன்டெய்னர் இறக்கும் நான்கு பெரிய கிரேன்களும் நாசமாயின. துறைமுகம் அதோடு மூடிவிடவில்லை. கோதுமை ஏற்றி வரும் கப்பல்கள் பலவற்றில் சொந்தக் கிரேன் உண்டு. கிராப் என்கிற இரும்பு வாய் உள்ளே இறங்கி ஒரு கவ்வு கவ்வும். மேலே தூக்கித் திருப்பி, கரையில் நிற்கிற ஹாப்பர் என்கிற பெரிய புனலில் கொட்டும். கீழே லாரி நகரும். அந்தத் தூசியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. கடைசியில் மூலைகளில் தங்கும் தானியத்தை ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கி ஒதுக்கித் தருவார்கள். ஒரு பயணத்தில் எங்கள் கப்பலில் ஒரே ஒரு கிரேனின் கம்பிவடம் நைந்துபோனது. அதற்கே ஏஜென்ட் படியேறி வந்து போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான்கும் போன துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். சொந்தக் கிரேன் இல்லாத கன்டெய்னர் கப்பல் அங்கே வந்துதான் என்ன செய்யும்? ரேஷன் கடையில் அரிசி மூட்டையை விட்டுவைத்துத் தராசை மட்டும் தூக்கிக்கொண்டு போன மாதிரி.

அமெரிக்கா பணம் கொடுத்தது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நான்கு நடமாடும் கிரேன்களை வாங்கிக் கப்பலில் ஏற்றியது. 2017 ஜனவரியில் அந்தக் கப்பல் ஏமன் கடலுக்கு வந்தது. கூட்டணி விடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டது. கிரேனுக்குள் துப்பாக்கியை ஒளித்து வைக்க இடமில்லை என்பது ஏறிப் பார்த்த எவனுக்கும் தெரியும். கூட்டணிக்குப் போர் விமானங்களை விற்றதும் வானத்தில் எரிபொருள் நிரப்பிக் கொடுத்ததும் அதே அமெரிக்காதான். தன் காசில் வாங்கிய நான்கு கிரேனை இறக்க அதற்கு வழி இல்லாமல் போனது. கிரேன்கள் ஹொதைதாவில் கால் வைத்தது 2018 ஜனவரியில். அந்த இடைப்பட்ட ஓராண்டில்தான் ஏமனில் காலரா தலைவிரித்தாடியது. 2017 முடிவதற்குள் சந்தேக நோயாளிகள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

ராஜதந்திரிகள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை, ஏற்பாடு செய்தார்கள். 2016 மே மாதம் முதல் ஜிபூட்டியில் ஐ.நா. சோதனை அலுவலகம் ஒன்று வேலை செய்தது. கப்பல் அங்கே காகிதம் காட்டி அனுமதி வாங்கும். அதன் பிறகும் கூட்டணி தன் பங்குக்கு ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும். இதை நான் கையெழுத்துப் போட்டே பார்த்திருக்கிறேன்: துறைமுகத்தில் இடமில்லாமல் நாங்கள் வெளியே கிடந்த நாட்களுக்கெல்லாம் கணக்கெழுதி அனுப்புவோம். அந்தப் பணத்தைக் கப்பல்காரன் விடமாட்டான். சரக்கை வாங்கியவன் தலையில் விழும். அவன் மாவு விலையில் ஏற்றுவான். ஏமனில் கடையில் மாவு இருந்த ஊரிலும் பிள்ளைகள் எலும்பும் தோலுமானது இப்படித்தான். 2016 செப்டம்பரில் மத்திய வங்கியைச் சனாவிலிருந்து, கூட்டணி ஆதரித்த அரசின் கையில் இருந்த ஏடனுக்கு மாற்றியதில், லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்கு அந்த மாவை வாங்கச் சம்பளமும் நின்றுபோனது.

ஹூதிகளைப் பற்றிப் பேசாமல் விட்டால் நியாயம் இல்லை. பசித்தவனுக்குப் போக வேண்டிய உணவு அவர்கள் பகுதியில் வேறு பக்கம் போகிறது என்று, 2019 ஜூனில் உலக உணவுத் திட்டமே சனாவில் விநியோகத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது.

ஆனாலும் எனக்குக் கோபம் அதிகமாக வருவது நியூயார்க்கில் இருக்கிற ஐ.நா. தலைமையகத்தை நினைத்தால்தான். 2016 ஜூனில், குழந்தைகளைக் கொன்றவர்கள் பட்டியலில் கூட்டணியின் பெயரையும் சேர்த்தது ஐ.நா. சில நாட்களிலேயே எடுத்துவிட்டது. ஐ.நா. திட்டங்களுக்கு வரும் பணம் நின்றுவிடும் என்ற நெருக்கடி இருந்ததைப் அன்றைய பொதுச் செயலாளர் பான் கி-மூன் வெளிப்படையாகவே சொன்னார். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகும் சோற்றைக் காப்பாற்ற இந்தப் பிள்ளைகளின் பெயரை விட்டுக்கொடுத்தார். அவரைக் குறை சொல்வது சுலபம், நேயர்களே; அப்படி ஒரு பேரத்துக்கு அவரைத் தள்ளிய தலைநகரங்களை யார் கேட்பது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். 2022 ஏப்ரல் சண்டை நிறுத்தத்தில் எரிபொருள் கப்பல்கள் வந்ததையும், சனா விமான நிலையம் பயணிகளுக்குத் திறந்ததையும் இன்னொரு நாள்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க, இஸ்ரேல் மீதும் ஏவுகணைகளை ஏவ, 2024 ஜூலையில் இஸ்ரேல் ஹொதைதாவின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. கிரேன்களும் அடிபட்டன. மறுபடி அங்கே யாராவது கிரேன் அனுப்பினால், அதை ஏற்றி வரும் கப்பல் நேராகத் துறைக்குப் போய்க் கட்ட வேண்டும் என்பதுதான் இந்தக் கிழட்டு மாலுமியின் ஆசை.